பேச்சுவழக்கின் பழமை

வீட்டில் பேசும் தமிழைக் கொச்சை என்று இகழ்வது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். ஏட்டுத்தமிழே முதலில் இருந்தது, நாவின் சோம்பலால் அது தேய்ந்து பேச்சாயிற்று என்பது அவ்விகழ்ச்சியின் உட்கிடை. சான்றுகளை நோக்குமிடத்து இவ்வெண்ணம் அத்துணை உறுதியாக நிற்கவில்லை.

முதலாம் இராசராசன், தன் 26ஆம் ஆட்சியாண்டில், தானும் தமக்கையும் தேவியரும் பிறரும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். ஆண்டு 1010ஐ ஒட்டியது. 'கொடுத்தன' என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அக்கல்வெட்டில் 'குடுத்தன' என்றே உள்ளது; அதுவும் ஒருமுறையன்று, அடுத்தடுத்துப் பன்முறை. தமக்கையாரும் அங்கே 'அக்கன்' தான். பேரரசனின் ஆணையன்றோ இது! கல்தச்சனின் பிழை என்று தள்ளிவிடல் எளிதன்று. இன்று நம் பிள்ளை 'குடு' என்று கை நீட்டும்போது ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒலியையே எழுப்புகிறது.

பேச்சுக்கு இலக்கணம் இல்லை என்பதும் பொருந்தாது. 'இலை' என்பது 'எல' ஆகிறது; 'உடம்பு' 'ஒடம்பு' ஆகிறது; 'குடை' 'கொட' ஆகிறது. ஆயின் 'இடி', 'குடி', 'புளி' ஆகியவை திரிவதில்லை. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ நிற்பின் மட்டுமே இத்திரிபு நிகழும். அவ்வாறே 'அடித்து', 'படித்து' என்பன 'அடிச்சு', 'படிச்சு' ஆகும். 'எடுத்து' என்பதை 'எடுச்சு' என்பார் எவருமிலர். முன்னுள்ள இகரமே தகரத்தைச் சகரமாக்குகிறது. எந்த ஆசிரியரும் கற்பியாத இவ்விதியை ஐந்து வயதுப் பிள்ளை வழுவாமல் கையாள்கிறது. 'காப்பி கீப்பி', 'பணம் கிணம்' என்னும் எதிரொலிச் சொற்களிலும் முதலெழுத்தின் குறில் நெடில் அளவு தவறுவதில்லை. 'அவர் வந்து, நேத்து வந்து' என்று தயங்குவோர் வாயில் வரும் 'வந்து', தொல்காப்பியர் கூறிய அசைநிலைகளோடு வைத்து எண்ணத்தக்கது என்றே நமக்குத் தோன்றுகிறது.

வழக்கு, செய்யுள் இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியம் செய்யப்பட்டது என்கிறது அதன் பாயிரம். நன்னூலும் மரூஉவுக்கு இடமளித்தது. எனினும் அன்றாடப் பேச்சுக்கெனத் தனி இலக்கணம் வகுக்க முற்பட்டோர், மக்களோடு பேசியே தீரவேண்டியிருந்த அயல்நாட்டார். 1549ஐ ஒட்டி, முத்துக்குளித்துறையில் வாழ்ந்த என்றிக்கு என்றிக்கசு பாதிரியார் போர்த்துக்கீசிய மொழியில் ஒன்று எழுதினார். வீரமாமுனிவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் 1728இல் முடித்தார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தேம்பாவணி பாடிய புலவர், சந்தைப் பேச்சுக்கும் ஓர் இலக்கணம் வேண்டும் என்று கருதியது எண்ணி மகிழத்தக்கது.

கொல்கத்தாவில் வாழும் நமக்கு இவ்விரட்டை வழக்கு புதிதன்று. வங்கமொழியிலும் சாது நடை, சலித நடை என இரண்டு உண்டு. ஏட்டில் 'கரிதேச்சி', நாவில் 'கொர்ச்சி'. நம் 'செய்கிறேன்', 'செய்யறேன்' போலவே! 1914இல் பிரமத சௌதுரி 'சபுஜ் பத்ர' இதழைத் தொடங்கிச் சலித நடைக்காக வாதாடினார். தாகூரும் துணைநின்று 'கரே பாய்ரே' புதினத்தை அவ்விதழில் அந்நடையிலேயே எழுதினார். தமிழும் ஏட்டுநடையைக் கைவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. நெல்லையாரையும் கோவையாரையும் யாழ்ப்பாணத்தாரையும் ஒரே பக்கத்தைப் படிக்கச் செய்வது அந்நடையே.

நாம் அஞ்சுவது வேறொன்று. தமிழ்ப் பள்ளியின் துணையின்றி இங்கு வளரும் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு ஒன்றே தமிழ். அது 'மூணு' என்று எண்ணும்போதெல்லாம் 'மூன்று என்று சொல்' என இடைமறிக்கிறோம். இரண்டொரு முறை பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை வங்காளத்தில் 'ஏக், துயி, தின்' என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது.