கழிவறியாத மரபும் நமது பள்ளிக்கூடங்களும்

வீணாக்குதல் மலையக மக்களின் குணமன்று. 1869ஆம் ஆண்டில் இலைநோய் கண்டு கோப்பிப் பயிர் அழியத் தொடங்கியபின், பட்டுப்போன கோப்பி மரங்களும் மேசைக்கால் செய்வதற்கென இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அடுத்துத் தேயிலை வந்தது. கவாத்து மிலாறு அடுப்புக்கு விறகாயிற்று; மாட்டுச்சாணம் மரக்கறித் தோட்டத்துக்கு எருவாயிற்று. பிள்ளைகள் சிலேட்டில் எழுதி, அழித்து, மீண்டும் எழுதினர்.

1977 முதல் அரசாங்கம் தோட்டப் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்கலாயிற்று. கல்வி வளர்ந்தது, காலப்போக்கில் பொலித்தீனும் வந்து சேர்ந்தது. குவித்த குப்பை என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14ஆந் தேதி, சித்திரைப் புத்தாண்டு நாளில் நாடு கண்டது. கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் லன்ச் சீற்றுக்குத் தடை வந்தது.

சட்டம் மட்டும் போதுமோ? லிந்துலையில் ஓடையில் எறிவது அக்ரா ஓயா வழியே மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தை நாடிச் செல்கிறது. எரித்தாலோ, நச்சுப்புகை நம் லயங்களுக்குள்ளேயே புகுகிறது.

ஆகவே, இளைஞர்களே! பள்ளிக்கூடந்தோறும் காகிதம், பிளாஸ்டிக், மக்குங் குப்பை ஆகியவற்றைப் பிரித்திட மூன்று தொட்டிகள் வைப்போம். மக்கியது பள்ளித் தோட்டத்துக்கு எருவாகட்டும். பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைச் சேர்த்துத் தைத்து, புதுக் கொப்பியாக்குவோம். பெரியோர்களே! திருவிழா அன்னதானத்தில் லன்ச் சீற்றை நீங்கள் விலக்குங்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாமே விலக்குவர். முன்னோர் விட்டுச்சென்ற சிக்கனத்தை அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பது நம் இருசாராரின் கடனாகும்.