புதுக்கோட்டையில் தெரிந்த பச்சை வளையம்

2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை மணியளவில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகத் தெரிந்தது. கங்கண சூரிய கிரகணம்! அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். கிரகணப் படங்களில் சூரியனைச் சுற்றிப் பால்போல் ஒரு வெளிச்சம் இருக்குமே, அது அன்று எங்கே போயிற்று?

கங்கண கிரகணத்தின்போது சந்திரன் கொஞ்சம் தள்ளி இருக்கும். அதனால் சூரியனை அதனால் முழுதாக மறைக்க முடியாது. மிச்சமிருக்கும் வளையத்தின் பிரகாசத்தில் அந்த மெல்லிய வெளிச்சம் காணாமல் போய்விடும். அதைப் பார்க்க முழு கிரகணம் வேண்டும். அப்படி ஒரு முழு கிரகணம் இதே புதுக்கோட்டைக்கு 1871 டிசம்பர் 12 காலையில் வந்தது.

அந்த வெளிச்சத்தின் பெயர் கரோனா. (ஆம், அதேதான். வைரஸுக்கு அந்தப் பெயர் வந்ததே இதைப்போல் தோற்றமளித்ததால்தான்.) அது உண்மையில் யாருடையது? சூரியனுடையதா, சந்திரனுடையதா, அல்லது நம் காற்றில் ஒளி சிதறுவதால் வரும் வெறும் தோற்றமா? அன்றைய விஞ்ஞானிகள் இதைப் பற்றிப் பெரிதாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1869ல் அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் யங், ஹார்க்னெஸ் என்ற இருவர் கரோனாவின் நிறமாலையில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டிருந்தார்கள். அது எந்தப் பொருளின் கோடு என்று யாருக்கும் தெரியவில்லை.

1871 கிரகணத்தின் பாதை மேற்குக் கடற்கரையில் பேக்கல், பிறகு நீலகிரி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று போனது. இங்கிலாந்திலிருந்து நார்மன் லாக்யர் தலைமையில் கப்பலேறி வந்த குழு பாதை நெடுகப் பிரிந்து நின்றது. லாக்யர் பேக்கலில் இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஜான்சென் தனியாக வந்து நீலகிரியில் முகாமிட்டார். அப்போது ராமச்சந்திர தொண்டைமான் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு வந்தவர் ரோம் நகர வானியலாளர் லொரென்சோ ரெஸ்பிகி. கூட வந்தவர் ஓவியர் ஹென்றி ஹாலிடே. (லூயிஸ் கரோலின் நகைச்சுவைக் கவிதை நூலுக்குப் பிற்பாடு படம் வரைந்தவர் இவர்தான்!) கிரகணத்துக்கு ஓவியர் எதற்கு என்று கேட்கலாம். புகைப்படம் இன்னும் முழுதாக நம்பத்தக்கதாக ஆகாத காலம் அது. பார்த்ததைக் கையால் வரைய ஆள் தேவைப்பட்டது.

ரெஸ்பிகி செய்தது எளிமையான காரியம். வழக்கமான நிறமாலைமானியில் ஒரு குறுகலான பிளவு வழியாக ஒளி போகும். அதனால்தான் நிறங்கள் கோடுகளாகத் தெரிகின்றன. அவர் அந்தப் பிளவே இல்லாமல் தொலைநோக்கியின் முன்னால் பட்டகத்தை வைத்துவிட்டார். பிளவு இல்லாவிட்டால் ஒவ்வொரு நிறமும் ஒளிரும் பொருளின் உருவத்தையே காட்டும். பொருள் வட்டமாக இருந்தால் வட்டமாகவே தெரியும்.

முழு கிரகணம் நீடித்தது சுமார் இரண்டே நிமிடம். அதற்குள் அவர் சூரியனைச் சுற்றி சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வளையங்களைப் பார்த்துவிட்டார். சிவப்பும் நீலமும் ஹைட்ரஜனுடையவை. நன்றாகத் தெளிவாகத் தெரிந்த பச்சை வளையம் அந்தப் பெயர் தெரியாத பொருளுடையது. பேக்கலில் லாக்யரும் வளையங்களைக் கண்டார். அது மட்டுமல்ல, பேக்கலிலும் நீலகிரியிலும் எடுத்த புகைப்படங்களில் கரோனாவின் வடிவம் ஒன்றுபோல் இருந்தது. காற்றின் வேலை என்றால் ஊருக்கு ஊர் வடிவம் மாறியிருக்க வேண்டுமே! ஆக, கரோனா சூரியனுக்கே சொந்தம் என்பது உறுதியாயிற்று.

பச்சை நிறத்தின் மர்மம் மட்டும் இன்னும் 70 வருடம் தீரவில்லை. பூமியில் இல்லாத ஒரு தனிமம் என்று நினைத்து "கரோனியம்" என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். கடைசியில் 1940களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு எட்லென் விடை சொன்னார். அது நம் சாதாரண இரும்புதான்! 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அணு. அவ்வளவு எலக்ட்ரான்களைப் பிடுங்க 10 லட்சம் டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்தான். அடுப்பைவிட அதன் மேலே இருக்கும் காற்று பல மடங்கு சூடாக இருப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுமையான பதில் கிடைக்கவில்லை.

2023 செப்டம்பர் 2ல் இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 விண்கலத்தில் ஒரு கருவி இருக்கிறது. சூரிய வட்டைத் தானே மறைத்துக்கொண்டு கரோனாவைப் பார்க்கும் கருவி அது. செய்தது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம். பழைய சென்னை வானாய்வகத்தின் வாரிசு. அந்தக் கருவி ஆராயும் நிறங்களில் ஒன்று, புதுக்கோட்டையில் ரெஸ்பிகி பார்த்த அதே பச்சை.