ஆறின கஞ்சி

2015 மே 3, ஞாயிற்றுக்கிழமை காலை. ராயபுரத்தில் எனக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்த மாஸ்டர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். லாஸ் வேகஸில் அப்போது மே 2 இரவு. ஃப்ளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவோவும் ஒருவழியாக ஒரே ரிங்கில் ஏறினார்கள். 12 ரவுண்டு முடிந்தபோது கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. மாஸ்டர் டிவியை அணைத்தார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சிடா. அஞ்சு வருஷம் முன்னாடியே நடந்திருக்கணும்" என்றார்.

அந்த ஐந்து வருடங்கள் போன விதம் எனக்கு இன்றும் மனப்பாடம். 2008 டிசம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயா, 2009 மே மாதம் ரிக்கி ஹாட்டன், நவம்பரில் மிகுவெல் கோட்டோ என்று பாக்கியாவோ வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஓய்வை முடித்துக்கொண்டு திரும்பிய மேவெதர், யுவான் மானுவல் மார்க்கெஸை ஒரு குத்துக்கும் விடாத மாதிரி ஆடி வென்றார். 2010 மார்ச் 13 என்று நாள் பேசினார்கள். பணம் சரிபாதி. பேச்சு முறிந்தது ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனையில். எந்த நாளிலும் எடுக்கலாம் என்றது மேவெதர் தரப்பு. சண்டைக்கு முந்தைய 24 நாளில் கூடாது என்றது எதிர்த்தரப்பு. மத்தியஸ்தத்துக்கு வந்த ஓய்வுபெற்ற நீதிபதியாலும் முடியவில்லை. பழைய பகை வேறு: பாக்கியாவோவின் ப்ரமோட்டர் பாப் ஆரமிடமிருந்து 2006இல் 7,50,000 டாலர் கட்டி விலகியவர் மேவெதர்.

குத்துச்சண்டைக்காரனுக்குக் கால்தான் முதலில் போகும். கண் பார்த்ததைக் கால் செய்யாது. 2012 டிசம்பரில் மார்க்கெஸின் வலது கைக் குத்தில் பாக்கியாவோ குப்புற விழுந்து கிடந்தார். 2015இல் லாஸ் வேகஸில் அவருக்கு வயது 36, மேவெதருக்கு 38. 4ஆவது ரவுண்டில் பாக்கியாவோவின் இடது கை இறங்க, மேவெதர் கயிறுவரை பின்வாங்கினார். நாங்கள் எழுந்தே நின்றுவிட்டோம். 2009இல் பார்த்த மனிதர் சில நொடிகள் வந்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். 118-110, 116-112, 116-112 என்று நடுவர்கள் மேவெதருக்குத் தந்தார்கள். தோள் காயத்தோடு ஆடியதாகச் சொன்ன பாக்கியாவோவுக்குச் சில நாளில் அறுவை சிகிச்சை நடந்தது. பணத்துக்கு மட்டும் குறைவில்லை: அமெரிக்காவில் 46 லட்சம் பே-பெர்-வியூ (காசு கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பு) விற்றது. ஜெயித்தவர் யாரை ஜெயித்தார் என்ற கேள்வி மட்டும் மிச்சம்.

தள்ளிப்போடுவதை ஆரம் 'ஊறவைப்பது' என்று சொல்லிப் பழக்கினார். 2010 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரே மேடையில் யுவான் மானுவல் லோபெஸும் யூரியோர்கிஸ் கம்போவாவும் தனித்தனியாக வென்றார்கள். அடுத்து இருவரும் மோதட்டும் என்றார்கள் ரசிகர்கள். ஊறட்டும் என்று வைத்தார்கள். 2011 ஏப்ரலில் போர்ட்டோ ரிக்கோவிலேயே, சொந்த மக்கள் முன்னால், ஆர்லாண்டோ சாலிடோவிடம் லோபெஸ் வீழ்ந்தார். ஊறவைத்தது அத்தோடு கெட்டது.

இவற்றுக்கெல்லாம் முந்தையது ஹாரி வில்ஸின் கதை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது. நியூ ஆர்லியன்ஸில் 1889இல் பிறந்த கறுப்பர். ஜாக் டெம்ப்ஸி 1919இல் ஹெவிவெயிட் பட்டம் வென்றார். அடுத்த ஏழு வருடங்களில் அவரோடு மோதத் தகுதியானவர் என்று எல்லோரும் காட்டிய ஆள் வில்ஸ்தான். 1922இல் ஒப்பந்தம் போட்டார்கள். 1924இல் டிக்கெட்டே அச்சானது. ப்ரமோட்டர் டெக்ஸ் ரிக்கர்டுக்கு மனம் வரவில்லை. 1910இல் ரீனோவில் ஜாக் ஜான்சன் வெள்ளையரான ஜெஃப்ரீஸை வென்றபின் நாடெங்கும் மூண்ட கலவரங்கள் ரிக்கர்டே நடத்திய சண்டையின் பின்விளைவு. 1925இல் வேறொருவர் முயன்றார். முன்பணம் வராமல் அதுவும் நின்றது. நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம், டெம்ப்ஸி முதலில் வில்ஸோடு மோத வேண்டும் என்று நெருக்கியது. டெம்ப்ஸியின் அடுத்த சண்டை பிலடெல்ஃபியாவுக்குப் போனது. 1926 செப்டம்பர் 23 அன்று ஜீன் டன்னியிடம் அவர் பட்டத்தை இழந்தார். அடுத்த மாதம் 37 வயது வில்ஸ், ஜாக் ஷார்க்கியிடம் தோற்றார். இரண்டு கதவும் ஒரே பருவத்தில் சாத்திக்கொண்டன.

ஒரு மாநிலம் கண்டித்தால் அடுத்த மாநிலத்துக்குப் போகலாம் என்பது 1926இன் பாடம். இன்று நான்கு அமைப்புகள் நான்கு பட்டம் தருகின்றன. ஒன்று கண்டித்தால் அந்த பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றோடு போகலாம். நான்கும் சேர்ந்து ஒரே கெடு வைக்க வேண்டும்: தகுதியான எதிராளியோடு ஒரு வருடத்துக்குள் மோது, இல்லையென்றால் எல்லா பெல்ட்டையும் இறக்கு. கெடு தாண்டினால் ப்ரமோட்டருக்கு அடுத்த சண்டை கிடைக்கும். சண்டைக்காரனுக்கு அந்த வயது திரும்பக் கிடைக்காது.

டெம்ப்ஸியின் சண்டைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஹாரி வில்ஸ் என்ற பெயர் அதில் எங்கும் இல்லை.