மகுடி இல்லாத மகுடி இசை

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கல்யாண ஊர்வலம் போனால், பேண்டு வாத்தியக்காரர்கள் எப்படியும் அந்தப் பாம்பு மெட்டை எடுத்துவிடுவார்கள். உடனே மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு தரையில் நெளிவார். காலங்காலமாகப் பாம்பாட்டிகள் ஊதிய மெட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது வந்தது 1954-ல் வெளியான 'நாகின்' என்ற இந்திப் படத்திலிருந்து. நம்ம சென்னை வைஜயந்திமாலா நடித்த படம், இசை ஹேமந்த் குமார். பெரிய வேடிக்கை என்னவென்றால், அதில் ஒலிப்பது மகுடியே இல்லை!

கிளாவியோலின் என்று ஒரு மின்னணுக் கருவி. 1947-ல் பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் உருவாக்கியது. சின்னக் கீபோர்டு, தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி, உள்ளே பழைய ரேடியோ போல வால்வுகள். மூக் சிந்தசைசர் வர இன்னும் பல வருடங்கள் இருந்தன. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும், கார்ட் பிடிக்க முடியாது. நாகினில் இதை வாசித்தவர் கல்யாண்ஜி (பிறகு கல்யாண்ஜி-ஆனந்த்ஜி ஆனவர்தான்). கூட ஹார்மோனியத்தில் ரவி. இவர் பின்னாளில் மலையாளத்தில் 'பம்பாய் ரவி' என்று பெயர் வாங்கினார்.

பிரெஞ்சுக்காரர் செய்த பெட்டி எப்படி மகுடி ஆனது? மகுடியில் சுரைக்குடுக்கைக்குக் கீழே இரண்டு குழல்கள். ஒன்று மெட்டு, இன்னொன்று விடாமல் ஒரே சுருதி. நாணல் சீவாளியின் ஒலி கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். கன்னத்தில் காற்றை அடக்கி ஊதுவதால் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளியே விழாது. கிளாவியோலினின் ஒலியும் அதே மூக்கொலி ஜாதி, விரல் எடுக்காதவரை அதற்கும் மூச்சு முட்டாது.

இன்று கம்ப்யூட்டரில் அந்த ஒலியைக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் படி சுலபம். ஒரு பல்ஸ் அலை, மோனோ மோடு, கீச்சைக் குறைக்க ஒரு ஃபில்டர், நொடிக்கு ஐந்தாறு தடவை நடுங்கும் வைப்ரேட்டோ. இத்தோடு நிறுத்தினால் கிடைப்பது பழைய செல்போன் ரிங்டோன்தான்! வால்வு ஒலியைக் கொஞ்சம் நசுக்கி ஓரங்களை மழுக்கும். சூடேற ஏறச் சுருதியும் இம்மி நகரும். அந்தக் கதகதப்பு இங்கேதான் இருக்கிறது. ஆக, மெலிதான டிஸ்டார்ஷனும் துளி சுருதிப் பிசகும் வேண்டுமென்றே சேர்க்க வேண்டும். அடியில் ஒற்றைச் சுருதியை ஓடவிட மறந்தால் மகுடி வராது.

இதே கருவி 1962-ல் 'டெல்ஸ்டார்' என்ற பாப் இசைத்தட்டில் செயற்கைக்கோளின் குரலாக மாறி, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அங்கே விண்வெளி, இங்கே பாம்பு.

பாம்பாட்டிகள் கதை வேறு. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்பு வைத்துப் பிழைப்பதைக் குற்றமாக்கியது. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனால் பிழைப்போடு மகுடியும் தெருவிலிருந்து மறையத் தொடங்கியது. மிச்சமிருக்கும் சிலரிடம் ஊதச் சொன்னால் அவர்களும் நாகின் மெட்டைத்தான் ஊதுகிறார்கள், கூட்டம் அதைத்தானே கேட்கிறது.