பருத்தியில் பிறந்த பிரேக்: ஒரு சின்ன வரலாறு

எங்கள் சோமனூர் பக்கம் வந்தால் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம், கண்ணில் படுவது பிக்அப் வண்டி. தறிக்குடோனுக்குப் பாவும் ஊடை நூலும் கொண்டு வருவதும், நெய்த காடாத் துணியை வெளியூருக்குக் கொண்டு போவதும் பெரும்பாலும் இந்தச் சின்ன வண்டிகள்தான். எத்தனை டன் ஏற்றலாம் என்று எல்லோரும் பேசுவார்கள். ஏற்றிய பாரத்தை நிறுத்துகிற உள்ளங்கை அளவுத் துண்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதுதான் முன்சக்கர டிஸ்க் பிரேக் பேடு.

அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஆச்சரியமான ஒரு செய்தி கிடைத்தது. இந்தப் பொருளின் முன்னோர்களில் ஒன்று பருத்தித் துணி! நம்மூர் சரக்கு என்பதால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பேடு மாட்டும்போது மெக்கானிக் செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

பழைய செருப்பும் பருத்தி நாடாவும்

இங்கிலாந்தில் டெர்பிஷையர் என்பது மேடும் பள்ளமுமான பகுதி. அங்கே குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த, சக்கரத்தில் அழுத்தும் மரக்கட்டையில் பழைய செருப்புத் தோலை வைத்து ஓட்டினார்களாம். அதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. 1897இல் அவர் பிரேக் கட்டைகள் செய்யத் தொடங்கினார். நெய்த பருத்தி நாடாவில் தார் போன்ற பிசினை ஊறவைத்து இறுக்கினால் அது சக்கரத்தை நன்றாகப் பிடித்தது. ஃப்ரூட் என்ற தன் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டு, ஒரு எழுத்தையும் சேர்த்து, 'ஃபெரோடோ' என்று நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார். இன்றும் அந்தப் பெயரில் பேடுகள் விற்கின்றன.

பருத்திக்கு ஒரே ஒரு குறை, சூடு தாங்காது. குதிரை வண்டிக்குப் போதுமானது மோட்டார் வண்டிக்குப் போதவில்லை. அதனால் 1908 முதல் பருத்தியின் இடத்துக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. அது தீயில் எரியாது, நூலாகவும் நெய்யலாம். அடுத்த பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க அதுதான் பிரேக்கில் இருந்தது. அதன் விலை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிரம்மா, டிஸ்க்கா?

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஃபிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 1902லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அவர் பயன்படுத்தியது செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசிக் காது கிழியும் சத்தம் வந்தது. அந்தக் காலத்துப் புழுதிச் சாலையில் செம்பும் சீக்கிரம் தேய்ந்தது. அதே 1902இல் பிரான்ஸில் லூயி ரெனோ கொண்டுவந்த டிரம் பிரேக் மூடிய அமைப்பாக இருந்ததால் அது ஜெயித்தது. அரை நூற்றாண்டு டிரம்தான் ராஜா.

ஆனால் டிரம்முக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடாகி விரியும், விரிந்தால் உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் கீழே கீழே போகும். டிஸ்க்கோ சூடானால் பேடை நோக்கித்தான் தடிக்கும். காற்றுப் படுவதால் சீக்கிரம் ஆறும், மழைத் தண்ணீரையும் சுழற்றி வீசிவிடும்.

1953இல் பிரான்ஸின் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 170 கி.மீ. எதிராளிகள் வளைவுக்கு வெகு முன்பே பிரேக் பிடிக்க, ஜாகுவார் கடைசி நொடியில் பிடித்தது. வேகமாக ஓடுவதற்கும் நல்ல பிரேக்தான் வேண்டும் என்று உலகம் புரிந்துகொண்டது. 1955இல் சிட்ரோயன் டி.எஸ். கார் முன்சக்கர டிஸ்க்கோடு பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது.

நம்ம பக்கத்துக் கதை

பிரேக்கின் அருமை கொங்கு நாட்டுக்குத் தெரியாததல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில், பல்சக்கரப் பாதையில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்காரர் தனியாக நிற்பார். சூலூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே பஸ் ஓட்டினார். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் தயாரிப்பிலும் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. 1964இல் ரானே பிரேக் லைனிங், 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தன. 2005இல் வந்த டாடா ஏஸ் போன்ற சின்னச் சரக்கு வண்டிகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்ற அமைப்பு வழக்கமாகிவிட்டது. பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரத்துக்குத்தான் அதிக வேலை. பின் டிரம் சரியில்லாவிட்டால் அந்த வேலையும் முன் பேடின் தலையில்தான் விழும். அதனால் பேடு மாற்றும்போது பின் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியாக மாட்டுவது எப்படி?

1. சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது.

2. காலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது.

3. டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் புதுப் பேடு போட்டும் பயனில்லை.

4. ஆயில் டப்பா மூடியைத் திறந்து, பழைய பேடை வைத்து சி-கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். டப்பாவில் ஆயில் ஏறும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போய்விடும்.

5. காலிப்பர் நகரும் பின்களைத் துடைத்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் தடவ வேண்டும். பின் இறுகினால் ஒரு பேடு மட்டும் தேயும். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ கிரீஸ் துளியும் படக் கூடாது.

6. கிளிப்புகளைச் சரியாக உட்கார வைத்து, உரசும் முகம் டிஸ்க்கைப் பார்க்கும்படி பேடை வைக்க வேண்டும். இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசினால் லான்செஸ்டரின் செம்புக் கதைதான். சத்தம் எழுப்பும் தேய்மானத் தகடு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

7. ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும்.

8. வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. பிறகு ஆயில் அளவைப் பார்த்து மூடியைப் போட வேண்டும்.

கடைசியாக, பேடைப் பழக்க வேண்டும். பாரம் இல்லாமல், காலிச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு மிதமாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை செய்தால் பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். புதுப் பேடோடு நேராகப் பாரம் ஏற்றி ஊட்டிக்குப் போவது ஆபத்து.

கல்நாரின் விலை

கல்நார் தூசி நுரையீரலில் போய்த் தங்கும். நோய் தெரிய 20, 30 வருடங்கள்கூட ஆகலாம். அதனால் பிரிட்டன் 1999இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005இலும் தடை வந்தது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1995இல் ஒரு முக்கியமான தீர்ப்பு தந்தது. கல்நார் தொழிலாளரின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. நோய் எவ்வளவு மெதுவாக வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் பட்டறைகளில் இன்னும் ஏர் பைப்பை வைத்து பிரேக் தூசியை 'புஸ்' என்று ஊதும் பழக்கம் இருக்கிறது. பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. பெட்டியில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று போட்டிருக்கிற நல்ல பேடையே வாங்குங்கள். கழற்றுகிற பழைய பேடில் என்ன இருந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கலாம், பிரேக் கிளீனர் அடித்து நனைத்தும் துடைக்கலாம். பஞ்சுத் தூசியில் வாழ்கிற ஊர் நம் ஊர். தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விடும்போது, "ஏனுங்கண்ணா, ஊதாம துடைச்சுப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்கள்.