கானலில் இட்ட குடில்கள்
ஓய்மாநாடும் கடற்கரைத் தங்கலும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐந்திணையுள் நெய்தலை இரங்கலுக்கு உரியதென வகுத்தனர் நம் முன்னோர். பிரிந்தவனை எண்ணிக் கழிக்கரையில் நின்று வருந்தும் தலைவியின் துயரே அத்திணையின் உரிப்பொருள். ஆயினும் நெய்தற் கரை துயருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. நிலவு காணவும், நீராடவும், மணலில் குடிலிட்டு இரவைக் கழிக்கவும் மக்கள் கூடிய இடமும் அதுவே. இன்று அரசுகளும் தனியாரும் கடற்கரைப் பூங்கா, கூடாரத் தங்கல், படகு உலா என்று பல பெயர்களில் இதனைப் புதிதாகத் தொடங்கிவைக்கின்றனர். புதியதாகத் தோன்றும் இவ்வழக்கம் நம் மண்ணில் எத்துணைப் பழையது, யாருக்கு உரியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தினர் வாழும் விழுப்புரம், திண்டிவனம் பகுதி, பண்டை ஓய்மாநாட்டின் நெஞ்சகம். ஆதலின் ஆராய்ச்சியையும் இங்கிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

பாணர் நடந்த வழி

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆனது. இதனைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட நீண்ட நிலம் இடைக்கழிநாடு. இன்றும் செய்யூர் வட்டத்தில் அதே பெயருடன் ஒரு பேரூராட்சி விளங்குகிறது. ஆகவே நெய்தலைப் பாடிய புலவர் நெய்தலிலேயே பிறந்தவர் எனக் கொள்வதில் தடையில்லை.

நத்தத்தனார் காட்டும் வழி எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் வழியே கிடங்கிலை அடைகிறது. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல் என்றும் அறிஞர் கொள்வர். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடற்பயண நூல் குறிக்கும் சோபட்மா என்னும் துறைமுகமும் இந்த எயிற்பட்டினமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

அவ்வழியில் நடக்கும் பாணன் முதலில் காண்பது கடற்கானல். தாழையின் மலர் அன்னமாகவும், செருந்தி பொன்னாகவும், புன்னையின் அரும்பு முத்தாகவும் அங்கே தோன்றுகின்றன. திரை கொணர்ந்து கரையில் ஒதுக்கிய நறுமண மரங்கள் துயிலும் ஒட்டகங்களைப்போல் கிடக்கின்றன. நுளைமகள் அவற்றை விறகாக்கி அடுப்பெரித்துத் தேறல் காய்ச்சுகிறாள். வந்த விருந்தினர்க்குப் பரதவர் அத்தேறலையும் சுட்ட உலர்மீனையும் தருகின்றனர். அரசனது பெருவிருந்து கிடங்கிலில் காத்திருக்கிறது. ஆயினும் முதல் விருந்து கடற்கரைக் குடிலில் வாழும் எளிய மக்களுடையது என்பதைப் புலவர் மறவாமல் பதிந்திருக்கிறார். கடற்கரைக்கு வருவோர் அனைவரும் அங்கு வாழ்வோரின் விருந்தினரே என்னும் அடிப்படை நெறி இதனால் விளங்கும்.

முழுநிலா நாளும் ஓய்வும்

பட்டினப்பாலை இதற்கு மற்றொரு சான்று. முழுநிலா நாளில் பரதவர் கடல்மேற் செல்வதில்லை. சுறாமீனின் கொம்பை நட்டு வழிபட்டு, தாழை மலர் சூடி, உண்டும் ஆடியும் களிக்கின்றனர். கடலாடி, உப்புப் போக ஆற்றிலும் ஆடுகின்றனர். நண்டுகளை ஆட்டியும், மணலில் பாவை செய்தும் பொழுது போக்குகின்றனர். ஓய்வும் விளையாட்டும் செல்வர்க்கே உரியன என்று எண்ணுவோர் இப்பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும். உழைப்போர் தம் உழைப்பை நிறுத்தி வழிபட்டு மகிழ்ந்த நாளையே பட்டினப்பாலை ஓய்வு நாளாகக் காட்டுகிறது.

சிலப்பதிகாரத்தில் காட்சி விரிகிறது. இருபத்தெட்டு நாள் இந்திரவிழா முடிந்தபின் புகார் நகரத்தார் கடலாடப் புறப்படுகின்றனர். மாதவி வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையிலும் செல்கின்றனர். இரவின் கடற்கரையில் ஒளிரும் விளக்குகளை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார்: வண்ணமும் சுண்ணமும் மலரும் விற்போர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்கரை விளக்கு, பரதவரின் திமில் விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் ஏற்றிய அணையா விளக்கு. வெண்சிறுகடுகு ஒன்று மணலில் விழுந்தாலும் கண்டெடுக்கும் அளவிற்கு அங்கே வெளிச்சம். அரசிளங்குமரரும் வணிக இளைஞரும் ஆடல் மகளிரும் தத்தம் திரைச்சூழல்களில் தங்குகின்றனர். புன்னை நிழலில், புதுமணற் பரப்பில், ஓவியம் எழுதிய திரையால் சூழப்பெற்று, மேற்கட்டி கட்டிய இடத்தில் கோவலனும் மாதவியும் அமர்கின்றனர். கூடாரத் தங்கலைத் தமிழில் இதனினும் விரிவாகக் காட்டும் பழைய சான்று காண்பது அரிது.

அக்கரையில் செல்வரின் திரைச்சூழலும் பிட்டு விற்பவளின் விளக்கும் அருகருகே இருந்தன என்பது கருதத்தக்கது. ஒருவர் தங்க மற்றொருவர் விலக்கப்பட்டார் என்ற குறிப்பு அங்கில்லை. கரை பொதுவாக இருந்தது. திரை மட்டுமே தனியாக இருந்தது. பின்னர் இந்திரவிழா மறக்கப்பட்டதால் புகாரைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறுகிறது. இதனை வரலாறாகக் கொள்ளாவிடினும், மக்கள் கூடும் விழாவை மறந்த நகருக்குக் கடல் காவலில்லை என்னும் நம்பிக்கையாகக் கொள்ளலாம்.

பனமலையும் கடல்மல்லையும்

நம் வட்டாரத்துப் பனமலை, பனைகளால் பெயர்பெற்ற குன்று. வடமொழியில் பனை தாளம் எனப்படும். ஆகவே அங்குள்ள இறைவன் தாளகிரீசுவரர். ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை ஆண்ட இராசசிம்மன் எனும் இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன் எழுப்பிய கற்றளி இது. சிவனின் ஆடலைக் குடையின் கீழ் ஒரு கால் மடித்து நின்று காணும் உமையின் ஓவியம் இக்கோயிலின் சிற்றறை ஒன்றில் இன்றும் எஞ்சியுள்ளது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலும், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் இதே மன்னனின் படைப்புகள். குன்றின்மேல் ஒன்று, நகரில் ஒன்று, அலையின் விளிம்பில் ஒன்று என அவன் கட்டினான். மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984ஆம் ஆண்டு உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் இடம்பெற்றன.

பனமலையைச் சூழ்ந்த நாட்டுக்கும் அக்கடற்கரைக் கோயிலுக்கும் மன்னனால் அமைந்த தொடர்பு ஒன்று. மக்களால் அமைந்த தொடர்பு மற்றொன்று. கல்வெட்டில் இடம்பெறாத அவ்விரண்டாம் தொடர்பே இக்கட்டுரையின் உயிர்நிலை.

மாசி நிலவில் இருளர்

ஆண்டுதோறும் மாசி மகத்தை ஒட்டிய முழுநிலா நாளில், விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் முதலிய மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரக் கடற்கரையில் வந்து கூடுகின்றன. திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளின் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் சிதறி வாழும் இம்மக்கள், சவுக்குக் கழிகளையும் பழைய சேலைகளையும் கொண்டு மணலில் குடில் கட்டுகின்றனர்; ஆங்கே சமைத்து, உண்டு, பாடி, உறங்குகின்றனர். அவர்கள் தெய்வம் கன்னியம்மன். கடலுக்குள் சென்றுவிட்ட அவளைக் கரைக்கு அழைத்துக் குளிர்விக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலையில் கடலாடி, மணலால் ஏழு படிகள் அமைத்து, அவற்றின்மேல் மலரும் மஞ்சளும் தேங்காயும் விளக்கும் வைத்து வழிபடுகின்றனர். அருள் வந்தோர் குறி சொல்கின்றனர். காதுகுத்தலும் முடியிறக்கலும் அங்கேயே நிகழ்கின்றன. முன்னமே பேசி முடித்த மணங்கள் அலையோரத்தில் நடைபெறுகின்றன. புதிய மணங்கள் பேசி முடிக்கப்பெறுவதும் அங்கேதான். மறுநாள் குடில்கள் பிரிக்கப்படுகின்றன. மணற்படிகளை அலை கொண்டுபோகிறது.

இருளர் யார் என்பதைச் சிறிது கூறுதல் வேண்டும். பாம்பும் எலியும் பிடித்தல், மூலிகை அறிதல் ஆகியவற்றில் தேர்ந்த பழங்குடியினர் அவர்கள். காட்டுயிர்ச் சட்டம் 1972இல் வந்தபின், பாம்புத்தோல் வணிகமும் தடைப்பட்டதால், அவர்களில் பலர் வாழ்வழி இழந்தனர். 1978இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, நச்சுமுறி மருந்து செய்வோர்க்கு அளித்துவருகிறது. அச்சமூகத்தைச் சார்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர்க்கும் 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. மாசி என்ற பெயரை இங்கு நாம் கருதிப் பார்க்கலாம். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், சாதிச் சான்றும் வீட்டுமனையும் நீதியும் வேண்டி அம்மக்களோடு நிற்கிறது. ஆண்டெல்லாம் மனைப்பட்டா இன்றி அல்லற்படும் மக்கள், ஆண்டிற்கு ஓரிரு நாள் கடற்கரையைத் தம் வீடாகக் கொள்கின்றனர் என்பதே இவ்விழாவின் ஆழ்ந்த பொருள்.

மாசி மகம் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. மயிலம் முருகனும் தீவனூர்ப் பொய்யாமொழி விநாயகரும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வதை நம்மவர் அறிவர். உள்நாட்டுத் தெய்வங்களும் ஆண்டிற்கொருமுறை கடல் காண வருகின்றன.

நிலைத்தவையும் நிலையாதவையும்

கடற்கரையில் நிலையாகக் கட்டியவற்றின் கதி என்ன? இடைக்கழிநாட்டிலேயே ஆலம்பரைக் கோட்டை உள்ளது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு முகலாயர் காலத்தில் எழுந்த அக்கோட்டையில் நாணயச் சாலையும் இருந்தது. 1750இல் அது பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்கு வழங்கப்பட்டது. 1760இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். எஞ்சிய சுவர்களை 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை மேலும் சிதைத்தது. அதே பேரலைக்குப்பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, பல்லவர் காலக் கட்டடத்தின் அடியில் அதனினும் பழைய செங்கல் முருகன் கோயில் வெளிப்பட்டது. கடற்கரைக் கோயிலையும் அலை அரிக்காமல் காக்கக் கருங்கற்களைக் கொட்டிக் கரை அமைக்க நேர்ந்தது. கோட்டையும் கோயிலும் கடலோடு போராட, சேலைக் குடிலோ ஆண்டுதோறும் எழுந்து தானே விழுகிறது. கடலின் இயல்பை அறிந்த கட்டடக்கலை எது என்று கேட்டால், மறுமொழி கூற நாம் தயங்க வேண்டியதில்லை.

கரை யாருடையது?

ஆங்கிலேயர் காலத்தில் கடற்கரை உலாவிடமாயிற்று. ஆளுநர் கிராண்ட் டப் 1880களில் சென்னையில் நடைபாதை அமைத்து, இத்தாலிய நினைவோடு அதற்கு மெரீனா எனப் பெயரிட்டார். உலாவ வந்தோரின் கண்ணுக்கு மீனவரின் படகும் வலையும் அழகைக் கெடுப்பனவாகத் தோன்றலாயின. 1985இல் மெரீனாவை அழகுபடுத்தும் பொருட்டுப் படகுகளை அகற்ற முற்பட்டபோது மீனவர் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. பூங்காவிற்கும் வாழ்விற்கும் இடையே எழுந்த அப்பூசலை வரலாறு மறத்தல் ஆகாது.

அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் அளவிற்குக் கரையைக் கட்டடமின்றிக் காக்க வேண்டும் எனப் பிரதமர் இந்திரா காந்தி 1981இல் கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். அக்கருத்தே 1991 பிப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்குமண்டல அறிவிக்கையாக உருப்பெற்றது. 2011இலும் 2019இலும் அறிவிக்கைகள் புதுப்பிக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, சுற்றுலாவுக்கெனத் தற்காலிகக் குடில்களையும் கழிப்பிடங்களையும் உடைமாற்றும் அறைகளையும் அலையேற்றக் கோட்டிலிருந்து பத்து மீட்டர் விட்டு மணலில் அமைக்க இடமளிக்கிறது. கட்டணம் செலுத்தும் பயணியின் தற்காலிகக் குடிலுக்குச் சட்டத்தில் இடமுண்டு, நன்று. அங்ஙனமாயின், எவர்க்கும் கட்டணம் கேளாமல், எந்தக் கட்டடமும் எழுப்பாமல், வழிவழியாக வந்து தங்கும் இருளரின் குடிலுக்கு அதனினும் உறுதியான இடம் வேண்டாவா?

கடற்கரைப் பூங்காக்கள் வேண்டா என்பது நம் கருத்தன்று. கோவளமும் புதுச்சேரி ஈடன் கடற்கரையும் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றன. அதே ஆண்டில் மரக்காணத்தை அடுத்த கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தூய மணலும், பறவை தங்கும் நீர்ப்பரப்பும், நகர மக்கள் இளைப்பாறும் இடமும் நமக்கு வேண்டியனவே. ஆயின் திட்டம் தீட்டுவோர் மூன்று செய்திகளை உளங்கொள்ளல் வேண்டும். தாழையும் புன்னையும் நெய்தலின் அழகு மட்டுமல்ல, அரண். அவற்றை வெட்டி அலங்காரப் புல் வளர்த்தல் அறிவுடைமை ஆகாது. வலை உலர்த்தும் இடமும் படகு ஏறும் இடமும் பூங்காவின் வேலிக்குள் அகப்படலாகாது. மாசி முழுநிலா நாளில் மணற்பரப்பு குடிலிடுவோர்க்குத் திறந்திருத்தல் வேண்டும். குடிநீரும் கழிப்பிடமும் விளக்கும் அமைத்துத் தருவது அரசின் விருந்தோம்பலாக அமையட்டும். நல்லியக்கோடனின் நாட்டில் விருந்தோம்பல் புதிய செய்தியன்று.

கவிஞர்க்கு ஒரு பணி

நம் வட்டத்துக் கவிஞர்கள் நிலவைப் பாடியிருக்கின்றனர், அலையையும் பாடியிருக்கின்றனர். மாசி நிலவில் இருளர் பாடும் பாடல்களோ ஏட்டில் ஏறாமல் காற்றோடு போகின்றன. அவற்றைப் பாடும் முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர். அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் செய்யத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகட்டும்: மாசி மகத்தன்று கடல்மல்லை சென்று, அம்மக்களின் இசைவோடு அப்பாடல்களைக் கேட்டு, அவர்கள் மொழியிலேயே எழுதி, பாடியவர்களிடமே படித்துக் காட்டித் திருத்தம் பெற்று அச்சேற்றுதல். இடைக்கழிநாட்டு நத்தத்தனார் நுளைமகளின் அடுப்பைப் பாடிய பின்னரே அரசனின் அரண்மனையை அடைந்தார். அவர் நாட்டிற் பிறந்த நாமும் அவ்வழியே நடப்பது கடன்.