இரு வீச்சு எஞ்சினும் எண்ணெய்க் கலவையும்

பிழைப்பை நாடிப் பம்பாய்க்கும் டெல்லிக்கும் சென்ற தமிழர் பலருக்கு, ஆட்டோ ரிக்‌ஷாவின் நீலப்புகை ஒரு காலத்தில் நாள்தோறும் காணும் காட்சியாக இருந்தது. அப்புகைக்கும் ஒரு வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பார் 1890களின் தொடக்கத்தில் ஓர் எளிய எஞ்சினை அமைத்தார். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, முதலில் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் பெட்டியில் அழுத்தப்பட்டுப் பின்னர் மேலே செல்லும். ஆதலின் அப்பெட்டியில் எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. தொடக்கத்தில் எண்ணெயைத் தனியே சொட்டுச் சொட்டாக விட்டனர். பின்னர் பெட்ரோலிலேயே கலந்துவிடும் வழக்கம் பரவிற்று.

எவ்வளவு கலப்பது என்பதே சிக்கல். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகி நின்றுவிடும். மிகுந்தாலோ எரியாத எண்ணெய் புகையாக வெளியேறும். ஸ்பார்க் பிளக்கிலும் புகைபோக்கும் துளையிலும் கரி படிந்து எஞ்சினின் ஆற்றல் குன்றும். 1946இல் இத்தாலியில் பிறந்த வெஸ்பாவுக்கு நூற்றுக்கு 5 பங்கு எண்ணெய் வேண்டியிருந்தது. 1950களின் இறுதியில் எஞ்சினின் அமைப்புத் திருந்தியதால் 2 பங்கே போதுமாயிற்று. அதாவது, லிட்டருக்கு 20 மில்லி.

1960களில் பம்பாயில் லாம்ப்ரட்டாவும், மைசூரில் ஜாவாவும், பியாஜியோவின் உரிமத்துடன் பஜாஜ் நிறுவனத்தின் வெஸ்பாவும் உருவாயின. ஆட்டோக்களிலும் இவ்வகை எஞ்சினே இடம்பெற்றது. எஞ்சின் இறுகினால் ஓட்டுநருக்கு அன்றைய கூலி போயிற்று. அவ்வச்சத்தால் பலர் அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றினர்; மலிவாகக் கிடைத்த தரமற்ற சில்லறை எண்ணெயையும் நாடினர். அறியாமை மட்டுமன்று, வறுமையும் அப்புகைக்குக் காரணம். அதனை முதலில் சுவாசித்தவரும் அவரே.

1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லியில் அவ்வாண்டு இறுதிக்குள் சில்லறை எண்ணெய் விற்பனையை நிறுத்தவும், பெட்ரோல் நிலையங்களில் அளந்து கலந்தே வழங்கவும் ஆணையிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்நகரின் ஆட்டோக்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின.

பழைய ஸ்கூட்டரை இன்றும் போற்றி வைத்திருக்கும் அன்பர்கள், கைக்கணக்கை விடுத்து, அதன் கையேடு கூறும் அளவையே கொள்க. இரு வீச்சு எஞ்சினுக்கென்றே செய்த எண்ணெயை அளவுக் குவளையால் அளந்து ஊற்றுக. எஞ்சினும் நெடுநாள் உழைக்கும். தெருவில் நடப்போர் மூச்சும் தூயதாகும்.